கட்டி தட்டினால் நானோவும் வெறும் தூள்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நானோ கூட்டுப்பொருள்கள், அதாவது மிக நுண்ணிய தூளைக் கலந்து வலுவூட்டிய பிளாஸ்டிக் போன்ற பொருள்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் 'பிளாஸ்டிக்கில் ஒரு சிட்டிகை நானோ தூளைக் கலந்தால் போதும்' என்ற வரியில் சற்று நின்றுவிட்டேன். அந்தக் கலக்குவதில்தான் முழு வித்தையும் இருக்கிறது.

பல வருடங்களுக்கு முன் எபாக்சி என்ற, இறுகிக் கெட்டியாகும் பிசினில் களிமண் தூளைக் கலந்து சோதனைப் பட்டைகள் வார்த்துக்கொண்டிருந்தேன். தூள் போடாத பட்டையைவிடப் போட்ட பட்டை சீக்கிரம் முறிந்தது! முறிந்த முகத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் கடுகில் பாதிகூட இல்லாத ஒரு வெண்புள்ளி. விரிசல் கோடுகள் எல்லாம் அங்கிருந்துதான் விசிறி போலப் பிரிந்திருந்தன. தூள் கட்டி தட்டியிருந்தது. சரி, கொஞ்சம் கூடுதலாகப் போட்டுப் பார்ப்போம் என்று போட்டேன், இன்னும் மோசம்.

டொயோட்டா ஆய்வகத்தார் 1980களின் பிற்பாதியில் இதற்கு வழி கண்டார்கள். மான்ட்மோரில்லோனைட் களிமண்ணின் ஒவ்வோர் அடுக்கும் சுமார் 1 நானோமீட்டர் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) தடிமன்தான். ஒரு கிராமை முழுக்கப் பிரித்து விரித்தால் 700 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு வரும். ஆனால் அடுக்குகள் லேசில் பிரியாது. அதனால் இடையில் இருந்த சோடியம் அயனிகளை எடுத்துவிட்டு, நீண்ட வால் கொண்ட கரிம அயனிகளை வைத்தார்கள். அப்புறம் நைலானின் மூலப்பொருளான கேப்ரோலாக்டமை உள்ளே விட்டு, அங்கேயே நைலானாக வளரவிட்டார்கள். வளர்ந்த சங்கிலிகளே அடுக்குகளை நெட்டித் தள்ளிப் பிரித்தன. களிமண் எடையில் 5 சதவீதம்கூட இல்லை. சுமையின்கீழ் நைலான் வளையத் தொடங்கும் வெப்பநிலையோ சுமார் 65 டிகிரி செல்சியஸிலிருந்து 150ஐத் தொட்டது. பிளாஸ்டிக்கை வலுவாக்கக் கண்ணாடி இழையை 30 சதவீதம் வரை போட்டுப் பழகியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

நானோ அளவு தடிமனே உள்ள கார்பன் குழாயான கார்பன் நானோகுழாய்க்கும் இதே பாடுதான். சிக்குப் பிடித்த முடியைப் போல ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பிரித்தாலும் பிசின் அதைப் பற்றிக்கொள்ளாவிட்டால், இழுக்கும்போது வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

இன்னொன்று, நானோ கூட்டுப்பொருளைப் புத்தம்புதுக் கண்டுபிடிப்பு என்று எழுதியிருந்தீர்கள். ரப்பர் டயரில் நானோ அளவுக் கரித்தூள் சேர்ப்பது நூறு வருடத்துக்கு மேலான பழக்கம். பெயர்தான் புதிது.

கட்டுரையோடு வந்த மின்நுண்ணோக்கிப் படம் அருமை, அடுக்குகள் அழகாகப் பிரிந்திருந்தன. அடுத்த பகுதி எழுதுகிறவரிடம், கட்டி தட்டிய இடத்தின் படம் ஒன்றையும் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பிசினோடு மல்லுக்கட்டிய ஒரு வாசகர்