ரீசெட்டைத் தாண்டும் ரேம் டிஸ்க்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய வீட்டுக் கணினிகள் பற்றிய கட்டுரையில், ரேம் டிஸ்கில் (மெமரியின் ஒரு பகுதியையே டிஸ்க் போலப் பயன்படுத்துவது) வைத்ததெல்லாம் ரீசெட் செய்தவுடன் அழிந்துவிடும் என்று வந்திருக்கிறது. மின்சாரம் நின்றால் அழியும் என்பதே சரி. ரீசெட்டின்போது மெமரிக்கு மின்சாரம் நிற்பதில்லை. எந்த இடம் யாருடையது என்ற கணக்குதான் தொலைகிறது. கொமடோர் நிறுவனத்தின் அமிகா வீட்டுக் கணினியில், 1988-இல் வந்த வொர்க்பெஞ்ச் 1.3 என்ற இயங்குதள மென்பொருள் இதற்கு அருமையான வழி செய்தது.

வழக்கமான 'ரேம்:' டிஸ்கோடு 'ராட்:' என்ற இன்னொன்றும் அதில் உண்டு. தான் பிடித்த இடங்களின் பட்டியலையும் அதன் சரிபார்ப்புத் தொகையையும் ராட் மெமரியில் விட்டுவைக்கிறது. இயந்திரம் மறுபடி எழும்போது தொகை ஒத்துப்போனால், இயங்குதளத்தின் மையப்பகுதியான எக்ஸெக் அந்த இடங்களை வேறு எதற்கும் தராது. இயந்திரம் முடங்கும்போது தோன்றும் 'குரு மெடிட்டேஷன்' பிழைச்செய்தி வந்து, ரீசெட்டுக்காகக் கன்ட்ரோலும் இரண்டு அமிகா விசைகளும் அழுத்திய பிறகும் கோப்புகள் கிடைப்பது இதனால்தான்.

டெவ்ஸ் அடைவிலுள்ள மவுண்ட்லிஸ்ட் என்ற அமைப்புக் கோப்பில் ராடின் அளவைத் தீர்மானிக்கலாம். 2 பக்கம், பக்கத்துக்கு 11 பிளாக், பிளாக்குக்கு 512 பைட். ஆக ஒரு சிலிண்டர் 11 கேபி. எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்குவதால் ஹைசில் (கடைசி சிலிண்டரின் எண்) 21 என்றால் 242 கேபி, 79 என்றால் முழு ஃப்ளாப்பி அளவான 880 கேபி. 1 எம்பி இயந்திரத்தில் 79 போடவே கூடாது, வேலை செய்ய இடமிருக்காது. மெமரி தாராளமாக இருந்தால் 79 போட்டு, 'மவுண்ட் ராட்:' கொடுத்து, வொர்க்பெஞ்ச் டிஸ்கை டிஸ்க்காப்பி மூலம் அதில் இறக்கலாம். இயந்திரத்தின் ராம் சில்லில் கிக்ஸ்டார்ட் 1.3 (இயந்திரத்தைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) இருந்தால், டிரைவில் டிஸ்க் இல்லாமலே ராடிலிருந்து பூட் ஆகும். ஃப்ளாப்பி உறுமலுக்குக் காத்திருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை!

ராட் ரீசெட்டில் பிழைக்காமல் போவதற்கும் காரணங்கள் உண்டு. 1.3-இல் சிப் ரேம் (படம், ஒலிச் சில்லுகளும் பயன்படுத்தும் மெமரி) 1 எம்பி இருந்தால், பூட் ஆகும்போது ஓடும் ஸ்டார்ட்அப்-சீக்வென்ஸ் கோப்பின் முதல் வரியில் 'செட்பேட்ச் ஆர்' என்ற கட்டளை வேண்டும். இல்லாவிட்டால் ராட் போய்விடும். தானாகப் பதிவாகாத, பூட் ஆன பிறகு கட்டளையால் சேர்க்கும் கூடுதல் மெமரியில் ராட் அமைந்தாலும் மீளாது, ஏனெனில் பட்டியலைச் சரிபார்க்கும் நேரத்தில் அந்த மெமரியே எக்ஸெக்குக்குத் தெரியாது. வைரஸ் தேடும் நிரல்கள் ராடின் குறிப்பைச் சந்தேகித்து எச்சரிக்கும். கேட்காமல் அழிக்கச் சொல்லாதீர்கள். இயந்திரத்தை முழுதாகக் கைப்பற்றும் விளையாட்டுகள் எதையும் மிச்சம் வைப்பதில்லை.

ராடில் கோப்பை நீக்கினால் மெமரி திரும்பாது. 'ரெம்ராட்' கட்டளை கொடுத்து, ரீசெட் செய்தால்தான் முழுவதும் விடுபடும். மிக முக்கியமாக, கம்பைல் செய்யுமுன் மூலநிரலை ராடில் சேமியுங்கள். நாற்காலியை விட்டு எழுந்திரிக்கும் போதெல்லாம் ஃப்ளாப்பியிலும் ஒரு பிரதி எடுங்கள். இன்று எமுலேட்டரில் (அமிகாவைப் போல இயங்கும் மென்பொருளில்) முயல்பவர்கள் 'ஹார்ட் ரீசெட்'டைத் தொட வேண்டாம். அது மின்சாரத்தை நிறுத்துவதற்குச் சமம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்