படகை எடைபோட ஒரு தராசு

அன்புள்ள நண்பா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். மனசுக்கு நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் போட்டுக்கொள். உனக்காகவே கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

நான் இன்னும் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து சிரக்யூஸில், மகள் வீட்டில்தான். போன சனிக்கிழமை பேரன் என்னை ஈரி கால்வாய் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனான். கால்வாய் ஓடிய இடம் இன்று கார் ஓடும் சாலை. ஆனால் படகுகளை எடைபோட 1850-இல் கட்டிய கட்டடம் அப்படியே நிற்கிறது. படகு உள்ளே வந்ததும் கதவை மூடித் தண்ணீரை வடித்துவிடுவார்களாம். படகு மெல்ல இறங்கித் தராசின் மேல் உட்காரும். மொத்த எடையில் காலிப் படகின் எடையைக் கழித்தால் சரக்கு எவ்வளவென்று தெரிந்துவிடும், அதற்குத்தான் சுங்கம். கருவூலத்தில் நாம் பில் சரிபார்த்த நாட்கள் ஞாபகம் வந்து, அங்கேயே வெகுநேரம் நின்றுவிட்டேன்.

அன்றிலிருந்து இதைப் பற்றியேதான் படிப்பு. 1817-இல் ஹட்சன் நதியை ஈரி ஏரியோடு இணைக்க நியூயார்க் மாநிலம் இந்த 363 மைல் கால்வாயைத் தொடங்கியபோது, வெட்டும் வேலையை ஒரு குழுவிடம் கொடுத்தது. பணத்தை அவர்கள் கையில் கொடுக்கவில்லை. அதற்குத் தனியாகக் கால்வாய் நிதி ஆணையர்கள்: துணை ஆளுநர், கணக்குத் தலைவர், பொருளாளர் போன்ற மாநில அதிகாரிகள். கடன் வாங்குவது, வட்டி கட்டுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. கடனுக்கு ஈடாக உப்பு வரி, ஏல வரி, சுங்க வசூல் ஆகியவற்றை முன்பே ஒதுக்கிவிட்டார்கள். அந்த உப்பு இந்த சிரக்யூஸ் பக்கத்து உப்பு! செலவு செய்பவன் வேறு, பெட்டிச் சாவி வைத்திருப்பவன் வேறு. இதைத்தானே நாமும் முப்பது வருஷம் கட்டிக் காத்தோம்? 1825-இல் கால்வாய் முடிந்தது. செலவு சுமார் 70 லட்சம் டாலர். அடுத்த பன்னிரண்டு ஆண்டுக்குள் அந்தக் கடனை அடைக்கும் அளவுக்கு நிதியில் பணம் சேர்ந்துவிட்டது.

அந்த வெற்றிதான் வினையானது. ஆளுக்கொரு கால்வாய், ஆளுக்கொரு ரயில்பாதை என்று மாநிலங்கள் கடன் வாங்கித் தள்ளின. 1836-இல் இந்தியானா ஒரே சட்டத்தில் ஒரு கோடி டாலர்! 1837 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வட்டி கட்ட வழியில்லை. 1842-இல் பென்சில்வேனியாவே கைவிரித்தது.

நியூயார்க்குக்கும் ஆபத்து நெருங்கியது. நியூயார்க்–ஈரி ரயில் கம்பெனிக்கு மாநிலம் தன் பெயரில் 30 லட்சம் டாலர் கடன் பத்திரம் தந்திருந்தது. கம்பெனி வட்டி கட்டவில்லை. சுமை மாநிலத்தின் தலையில் விழுந்தது. 1842-இல் சட்டசபை கால்வாய் வேலைகளை நிறுத்தி, சொத்து மதிப்பில் ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர் வரி போட்டது. ஜெனசி பள்ளத்தாக்குக் கால்வாய் பாதியில் நின்றது. அந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு எப்படி வயிறு எரிந்திருக்கும்! இருந்தாலும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

நியூயார்க்கின் 1846 அரசியல் சட்டம் கதவை இன்னும் இறுக்கியது. தனியார் கம்பெனிக்காக மாநிலம் தன் பெயரில் கடன் தரக்கூடாது. புதிதாகப் பெரிய கடன் வேண்டுமென்றால் எந்த வேலைக்கு என்று குறிப்பிட வேண்டும், 18 ஆண்டுக்குள் அடைக்க வரி போட வேண்டும், வாக்காளரிடம் நேரே சம்மதம் கேட்க வேண்டும். வரி கட்டப்போகிறவனையே கேட்பது! நம் காலத்தில் இப்படி ஒரு கேள்வி நம் மேஜைக்கு வந்ததே இல்லை. நீ இதற்கு என்ன சொல்வாய் என்று தெரிந்துகொள்ள ஆசை.

நவம்பரில் ஊருக்கு வருகிறேன். தராசைப் பல கோணத்தில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அதற்குள் உன் கண்ணும் தெளிந்துவிடும்.

அன்புடன்,
உன் பழைய மேஜைத் தோழன்