பவுடர் கோட்டிங்: பூசக் கூடாத இடங்களையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மஹிந்திரா சி.ஜே.3பி ஜீப் ஒன்றைப் புதுப்பித்தவரைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பெட்டி), இரண்டு ஆக்சில் ஹவுசிங்குகள், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுகள் (அந்தச் சக்தியை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டுகள்) என அடிப்பாகத்தில் இருந்த அத்தனையையும் கழற்றிப் பவுடர் கோட்டிங் செய்ததால் இனித் துருப் பயமே இல்லை என்று அதில் கூறப்பட்டிருந்தது. அதே வகை ஜீப்பில் அதே வேலையைச் செய்து, பாதியை மறுபடி செய்ய நேர்ந்தவன் என்ற முறையில், கட்டுரை விட்டுவிட்ட சிலவற்றைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

பவுடர் கோட்டிங் நல்ல பூச்சுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. மின்னேற்றிய பிசின் தூளை உலோகத்தின் மேல் ஒட்டவைத்து, ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஓவனில் உருக்கி இறுக்குவதால், தூரிகையால் அடிக்கும் எனாமலைவிட அது கெட்டியாக நிற்கும். ஆனால் அதன் கனம் பொதுவாக 60 முதல் 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும். கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அந்தக் கனம் ஒரு பொருட்டல்ல. இரும்போடு இரும்பு பொருந்தி நிற்க வேண்டிய இடத்தில் அதுவே வினையாகிவிடும்.

என் ஜீப்பின் பின்பக்கப் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டிங் பட்டறையில் அதன் ஃபிளாஞ்சின் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்புத் தட்டின்) இரு பக்கங்களிலும், அது சேரும் எதிர் ஃபிளாஞ்சின் இரு பக்கங்களிலும் பூசிக் கொடுத்திருந்தார்கள். பார்ப்பதற்குக் கண்ணாடி போல இருந்ததால் நானும் மகிழ்ச்சியோடு மாட்டிவிட்டேன். போல்ட் தலைக்கும் நட்டுக்கும் இடையில் ஆக நான்கு அடுக்குப் பூச்சு. அடுக்குக்கு 80 மைக்ரான் என்றாலும் மொத்தம் மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வந்துவிடுகிறது. அவ்வளவு குட்டையான போல்ட்டை முழுதாக இறுக்கும்போது அது நீள்வதே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது, அந்த நீட்சிதான் இணைப்பைப் பிடித்து வைத்திருக்கிறது. பூச்சு சிறிது நசுங்கினாலே போதும், பிடிப்பு போய்விடும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் அடியில் 'டக் டக்' என்று சத்தம் கேட்டுக் குனிந்து பார்த்தபோது, நான்கு நட்டுகளில் இரண்டைக் கை விரலாலேயே திருக முடிந்தது. சக்கரம் உட்காரும் பிரேக் டிரம் முகத்துக்கும், வீல் நட்டு அமரும் குழிகளுக்கும் இதே விதிதான். அங்கே விளைவு இன்னும் மோசமாக இருக்கும்.

டிரான்ஸ்ஃபர் கேஸில் சிக்கல் வேறு விதம். இந்த ஜீப்பின் ஸ்பைசர் 18 ரகக் கேஸில், பின்பக்க பேரிங் மூடிக்கும் கேஸின் வெளிக்கூட்டுக்கும் நடுவே வைக்கும் ஷிம் என்ற மெல்லிய தகடுகளின் கனத்தைக் கொண்டுதான் அவுட்புட் ஷாஃப்ட்டின் முன்பின் ஆட்டத்தை அங்குலத்தில் ஆயிரத்தில் 4 முதல் 8 பங்குக்குள் நிறுத்துகிறோம். மூடியின் முகத்தில் 80 மைக்ரான் பூச்சு ஏறினால் அது அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு, அதாவது கேட்காமலே ஒரு ஷிம் சேர்த்தது போல. பூச்சு நாளடைவில் நசுங்கும்போது அந்த அளவும் நிலையாக நிற்காது. பேரிங் உட்காரும் குழி, ஆயில் சீல் உதடு உரசும் இடம், ஸ்ப்ளைன் (தண்டின் மேல் நீளவாக்கில் வெட்டிய பற்கள்), மரை ஆகிய எதன்மேலும் தூள் படக் கூடாது என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். சொல்ல வேண்டியிருந்தது.

இந்தக் கூடு வார்ப்பிரும்பு; அதற்கு இன்னொரு குணம் உண்டு. பல்லாண்டுகள் எண்ணெயில் ஊறிய கூட்டை எவ்வளவு கழுவினாலும் அதன் நுண்துளைகளில் எண்ணெய் தங்கியிருக்கும். ஓவனில் சூடேறும்போது அது வெளியேறிப் பூச்சில் ஊசிமுனைத் துளைகளை உண்டாக்கும். அதனால் தூள் தெளிக்கும் முன்பே, பூச்சுக்கு வேண்டிய வெப்பத்தைவிடச் சற்றுக் கூடுதலாக, வெறும் கூட்டை ஒருமுறை வேகவைத்து எடுக்க வேண்டும். இரண்டாம் முறை நானே அருகில் நின்று பார்த்தேன்: ஓவனைத் திறந்தபோது சாம்பல் நிறக் கூட்டின்மேல் கறுப்பு முத்துகளாக எண்ணெய் வியர்த்திருந்தது.

பூசும் முன் துருவையும் பழைய பெயிண்ட்டையும் நீக்கக் காற்றழுத்தத்தில் அடிக்கும் பிளாஸ்டிங் மணலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆக்சில் குழாய்க்குள் புகுந்துகொள்ளும் அலுமினியம் ஆக்சைடுத் துகள்கள் பேரிங்கை அரைத்துவிடும். இரும்புத் துகள் அல்லாததால் எண்ணெய் வடிக்கும் துளையில் இருக்கும் காந்தம் வைத்த டிரெயின் பிளக்கும் அவற்றைப் பிடிக்காது. குழாயின் வாய்களையும் பிரீதர் (காற்றுப் போக்கி) துளையையும் பிளாஸ்டிங்குக்கு முன்பே அடைத்துவிடுவதுதான் வழி.

பட்டறைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. கிலோ கணக்கில் கேட்டும் கிரில்லும் பூசுபவர்களிடம் கியர் கூட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, எந்த முகம் எதற்கு என்று அவர்களாகவே அறிந்திருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமாகாது. மறுமுறை ஒவ்வொரு பாகத்தையும் போட்டோ எடுத்து, பூசக் கூடாத இடங்களைச் சிவப்புப் பேனாவால் குறித்து, மரைக்குச் சிலிக்கோன் அடைப்பான்களும் முகங்களுக்கு வெப்பம் தாங்கும் டேப்பும் நானே வாங்கிக் கொடுத்தேன். கூலி சிறிது கூடியது; வேலை சுத்தமாக வந்தது. அடிக்கடி கழற்றி மாட்டும் மூடிகளுக்கு மட்டும் சாதாரண எனாமலே போதும் என்று விட்டுவிட்டேன், ஸ்பேனர் பட்டுப் பெயர்ந்தால் வீட்டிலேயே தொட்டுப் பூசிக்கொள்ளலாம்.

பழைய வண்டிகளைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, பூசிய பாகங்களின் படங்களோடு, பூசாமல் விட்ட முகங்களின் படங்களையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர்,
கோயம்புத்தூர்.