கதிர்வீச்சுச் செய்தியில் அளவையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அணுசக்தி பற்றி எது வந்தாலும் ‘கதிர்வீச்சு அபாயம்’ என்று தலைப்பு போடுகிறார்கள், ஆனால் எவ்வளவு, எதிலிருந்து வந்தது, உடம்புக்குள் போனதா இல்லையா என்று எழுதுவதே இல்லை. இதில் நொந்துபோவது நோயாளிகள். புற்றுநோய்க்குக் ‘கரண்ட்’ (கதிர் சிகிச்சை) வைத்துக்கொண்டு வீடு திரும்பியவர் கையில் குழந்தையைக் கொடுக்கவே தயங்குகிறார்களே, அதைப் பார்க்க மனசு தாங்கவில்லை. வெளியே இருக்கும் கருவியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்காது. விளக்கை அணைத்தால் சுவரில் வெளிச்சம் தங்குமா, அப்படித்தான். ஊசி, கையுறையெல்லாம் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் வெளிவிடும் காமா கதிரில் கிருமி நீக்கப்படுகின்றன, வெங்காயமும் உருளைக்கிழங்கும் முளைவிடாமல் இருக்க அதே கதிரைக் காட்டுகிறார்கள், அவற்றிலும் கதிரியக்கம் ஒட்டிக்கொள்வதில்லை.

ஆனால் அயோடின்-131 என்ற கதிரியக்க அயோடின் விஷயம் வேறு. தைராய்டு புற்றுநோய்க்கு அதை விழுங்கவே கொடுக்கிறார்கள், அது தைராய்டில் போய்ச் சேர்ந்து அங்கிருந்தே கதிர் விடும், அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், 8 நாள். அதனால் கொஞ்ச நாள் குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் தள்ளி இருக்கச் சொல்வார்கள், அதைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். 1986இல் சோவியத் யூனியனின் செர்னோபில் அணு உலை வெடித்தபோது இதே அயோடின்தான் புல்லில் படிந்து, மாட்டுப் பாலில் கலந்து, அதைக் குடித்த எத்தனையோ குழந்தைகளுக்குத் தைராய்டு புற்றுநோயைக் கொண்டுவந்தது. அந்தப் பாலை உடனே நிறுத்தியிருந்தால் பலர் தப்பித்திருப்பார்கள். நோயைத் தீர்க்கிற பொருளும் நோயைத் தந்த பொருளும் ஒன்றே என்கிறபோது, அளவும் வழியும் சொல்லாத செய்தியால் யாருக்கு என்ன பயன்?

அணுமின் நிலையத்துக்கும் இது பொருந்தும். ஒரு யுரேனியம் அணுக்கரு பிளந்தால் கிடைக்கும் ஆற்றல், ஒரு கரி அணு எரிந்தால் கிடைப்பதைப்போலக் கோடிக்கணக்கான மடங்கு. அப்புறம் நீராவி, டர்பைன் எல்லாம் அனல்மின் நிலையம் மாதிரிதான். உலை ஓடும்போது புகை இல்லை என்பது பெரிய விஷயம். எரிந்த எரிபொருளைப் பல்லாயிரம் ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பதும் உண்மை, அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

மண், காற்று, விண்வெளி, சாப்பாடு என்று இயற்கையிலிருந்தே ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வந்து சேர்கிறது, ஒரு மார்பு எக்ஸ்ரேயில் சுமார் 0.1. இனி கதிர்வீச்சு பற்றிச் செய்தி போடும்போது எத்தனை மில்லிசீவர்ட் என்று பக்கத்தில் போட்டு, இந்த இரண்டு எண்களையும் சேர்த்துக் கொடுக்க முடியுமா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்