என் படங்களுக்குக் கனம் பார்த்துச் சொன்னவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

தாளில் வரைகிறவரைக்கும் தாளின் பின்பக்கத்தைப் பற்றி எனக்குக் கவலையே இருந்ததில்லை. காதில் தொங்குகிற படம் அப்படியில்லை. அது திரும்பும், ஆடும், கன்னத்தில் இடிக்கும், துப்பட்டாவில் மாட்டிக்கொள்ளும். மதுரைச் சித்திரைத் திருவிழாவை வைத்து நான் வரைந்த படங்களைச் சுடுமண் கம்மலாகவும் சட்டையில் குத்துகிற துணி வில்லையாகவும் செய்யத் தொடங்கியபோது, இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர்களில் ஒருவர்கூட ஓவியர் இல்லை. அவர்களுக்குத்தான் இந்த மடல்.

விளாச்சேரி அக்கா, முதலில் உங்களுக்கு. கொலு பொம்மை வேலை குவிந்து கிடக்கிற நேரத்தில் அழகர் குதிரைப் படத்தை நீட்டிக்கொண்டு வந்து நின்றேன். "இவ்வளவு ஒல்லிக் காலா? சூளைக்குள்ள போனா கால் தனியா, குதிரை தனியால்ல வரும்" என்றீர்கள். கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, வாலை உடம்போடு ஒட்டி, கழுத்தைக் குறுக்கி, உங்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டு வரைந்ததில் குதிரை வேறு குதிரையாகிவிட்டது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. மண் காயும்போது ஒருமுறை சுருங்கும், வேகும்போது இன்னொருமுறை சுருங்கும், அதனால் வேண்டிய அளவைவிடப் பெரிதாகவே வெட்டு என்றீர்கள். வெயிலில் அவசரப்பட்டு வைத்தால் வெடிக்கும் என்று, நிழலில் துணி போர்த்திக் காயவைக்கச் சொன்னீர்கள். உங்கள் சூளையிலேயே என் கம்மல்களையும் ஓரமாக வேகவைத்துக் கொடுத்தீர்கள். விறகுக்காவது காசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று இங்கே எல்லார் முன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

தெற்கு ஆவணி மூல வீதி ஆசாரி ஐயாவிடம் அப்பத்தா காதில் தொங்கவிட்டிருந்த தண்டட்டியை வரைந்து எடுத்துப் போனேன். அசல் பாம்படம், தண்டட்டியெல்லாம் பார்க்கத்தான் பெரிசு, தங்கத் தகட்டுக்குள் அரக்கை அடைத்திருப்பார்கள் என்று விளக்கியவர் அவர்தான். "அதே உருவத்தைக் கெட்டி மண்ணுல செஞ்சா, போட்டவ காது கெதி என்னாகும்? உள்ளே குடை" என்றார். குடைந்தேன். துளையைக் கண்ணால் பார்த்து நடுவில் போடாதே, நூலில் கட்டித் தொங்கவிட்டுக் கனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துப் போடு என்றார். நிக்கல் கலந்த மலிவுக் கொக்கி சிலருக்குக் காதைப் புண்ணாக்கிவிடும் என்று வெள்ளிக் கம்பியை வளைக்கக் கற்றுக்கொடுத்தார். கடைசியில் விலைச் சீட்டைப் பார்த்தவர், "மண்ணுக்குப் போட்டிருக்க, கம்பிக்குப் போட்டிருக்க. படம் போட்ட கைக்குக் கூலி எங்கே?" என்றார். ஐயா, இப்போது போடுகிறேன். மண்ணுக்கா இவ்வளவு விலை என்று இழுப்பவர்களை, கீழடி அருங்காட்சியகத்துக்குப் போய் அங்கே இருக்கிற சுடுமண் காதணிகளைப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன். பாதிப் பேர் திரும்பி வந்து வாங்குகிறார்கள். மீதிப் பேர் வந்து பேரம் பேசுகிறார்கள்.

தையல் பாய்க்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. புதுமண்டபத்தில் இருந்த காலத்திலும் சரி, குன்னத்தூர் சத்திரத்துக்குக் கடை மாறிய பிறகும் சரி, அழகர் வேடம் கட்டித் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கு உடுப்பு தைக்கிற கை அது. வெட்டி விழுகிற சிவப்பு, மஞ்சள் வெல்வெட் துண்டுகளையும் ஜரிகை, சமிக்கியையும் பையில் கட்டி எனக்கென்று எடுத்துவைப்பார். வில்லையில் ஊசி குத்திக் குத்தித் துணி கிழியாமல் இருக்கக் காலருக்கு வைக்கிற கேன்வாஸை உள்ளே வைத்துக் கொடுத்தார். பின்பக்கத்துக்கும் லைனிங் தைத்ததைப் பார்த்து, "அதை யாரு பாக்கப்போறா பாய்?" என்று கேட்டேன். "கழட்டி வைக்கிறப்ப போட்டவங்க பாப்பாங்கம்மா" என்றார். கம்மலை ஜோடியாக வைத்துப் பார்த்து, இரண்டு குதிரையும் ஒரே திசையில் ஓடக்கூடாது, எதிரெதிரே முகம் காட்ட வேண்டும் என்று சொன்னவரும் அவர்தான். அன்றிலிருந்து எல்லாப் படத்தையும் வலமும் இடமுமாக இரண்டு தடவை வரைகிறேன்.

செல்லூர் தெருப் பிள்ளைகளே, உங்களை மறக்கவில்லை. அழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி வைகையில் இறங்குவார் என்பது முன்கூட்டித் தெரியாது. பச்சை என்றால் அந்த வருஷம் செழிப்பு என்று ஊர் பேசும். அதனால் அழகர் கம்மலில் மற்றதெல்லாம் தீட்டிவிட்டுப் பட்டு வரும் இடத்தை மட்டும் வெறுமனே விட்டுவைப்பேன். விடியற்காலையில் ஆற்றுக்குள் இருந்து நிறத்தைப் போனில் கத்திச் சொன்னவர்களுக்கும், திண்ணையில் வரிசையாக உட்கார்ந்து தீட்டியவர்களுக்கும், காய்ந்ததும் வார்னிஷ் அடித்து அடுக்கிய அம்மாவுக்கும் நன்றி. அம்மாவுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். புது மாதிரி எதுவானாலும் முதலில் அம்மா காதில்தான் ஏறும். சமையல், தூக்கம், பஸ் பயணம் எல்லாம் தாங்கினால்தான் விற்பனைக்குப் போகும்.

பார்சலைக் குலுக்கிப் பார்த்துவிட்டு "இன்னும் கொஞ்சம் பஞ்சு வைங்க" என்ற அஞ்சலகத்து அண்ணனுக்கும், வாங்கிப் போட்டுப் படம் அனுப்பிய எல்லோருக்கும் நன்றி.

இந்தச் சித்திரைக்கும் திண்ணை உண்டு. வருகிறவர்கள் பழைய சட்டையாகப் போட்டுக்கொண்டு வாருங்கள், பெயிண்ட் போகாது.