நான் இளைத்துப்போனதைப் பற்றி

அன்புள்ள மகளுக்கு,

நேற்று வீடியோ காலில் என் கழுத்தெலும்பைப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்குச் சாப்பாடே போடுறதில்லையாம்மா" என்று நீ அம்மாவைக் கடிந்துகொண்டது எனக்குப் பொறுக்கவில்லை. 68 கிலோ இருந்தவன் 59க்கு வந்துவிட்டேன், உண்மைதான். ஆனால் என்னைப்போலப் புற்றுநோய்க்காக உணவுக்குழாயை எடுத்தவர்களுக்கு முதல் 6 மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைவது சகஜம் என்று திருவனந்தபுரத்தில் டிஸ்சார்ஜ் செய்யும்போதே சொல்லித்தான் அனுப்பினார்கள். இளைத்ததை வைத்தே நோய் திரும்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ராத்திரி தூங்காமல் கிடக்காதே.

புற்று இருந்த குழாயை வெட்டி எடுத்துவிட்டு, இரைப்பையையே குழாய் மாதிரி தைத்து, நெஞ்சுக்குள் மேலே இழுத்து மிச்சக் குழாயோடு இணைத்திருக்கிறார்கள். அதனால் சோறு தங்குவதற்கு முன்பிருந்த இடம் இப்போது இல்லை. வேகஸ் என்கிற நரம்பும் அறுபட்டுவிடுவதால் பசி சரியாகத் தெரிவதில்லை, எனக்கு இதுதான் விசித்திரமாக இருக்கிறது, காலையில் எழுந்ததும் வயிற்றைக் கிள்ளுமே, அது எப்படி இருக்கும் என்பதே மறந்துவிட்டது. பசிக்கட்டும் என்று காத்திருந்தால் பட்டினிதான். அதனால் கடிகாரத்தைப் பார்த்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறேன். ஒரு இட்லி, அப்புறம் பாசிப்பயறு போட்டுக் குழைய வேகவைத்த மட்டை அரிசிக் கஞ்சி, அப்புறம் முட்டை, மத்தியானம் முள் எடுத்த மீன். புரதம் நாளைக்கு 70 கிராமாவது உள்ளே போகவேண்டுமாம், இல்லாவிட்டால் தசை கரைந்துகொண்டே போகும், நடக்கவும் தெம்பு இருக்காது. அம்மா இதற்காக விடிகாலையிலிருந்து அடுப்படியிலேயே நிற்கிறாள். அவளைத் திட்டாதே.

தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் அரை மணி கழித்துத்தான் குடிக்கிறேன். சாப்பிட்டதும் படுத்தால் எதுக்களித்துக்கொண்டு மேலே வரும், அதனால் ராத்திரிச் சாப்பாட்டை 7 மணிக்கே முடித்துவிட்டு, தலைமாட்டை உயர்த்தித்தான் படுக்கிறேன். இனிப்பு கூடினால் அது குடலுக்கு வேகமாக இறங்கி, கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிறு கலக்கும். ஓணத்துக்குப் புனலூரிலிருந்து வந்த அடைப்பிரதமன் பாயசத்தைக்கூட நாக்கில் வைத்துப் பார்த்ததோடு சரி. பார்டர் பரோட்டாவை இப்போதைக்கு நினைக்கவே கூடாது, மென்றாலும் உருண்டையாகத் திரண்டு அடைக்கும்.

இனி போன் பண்ணினால் எவ்வளவு சாப்பிட்டீங்க என்று கேட்காதே, விழுங்கும்போது தடைபடுதா என்று கேள். இணைத்த இடம் சிலருக்குச் சுருங்கிவிடும், எண்டோஸ்கோபி வழியாக அதை விரித்துவிடலாம், ஆனால் நாள் கடத்தக்கூடாது. எடை இன்னும் இறங்கினாலும் உடனே டாக்டரிடம் போகவேண்டும். பி12, இரும்புச்சத்து இரண்டுக்கும் அவ்வப்போது ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், அதை நான் விடமாட்டேன்.

நீ அனுப்புகிறேன் என்ற சத்துமாவு டப்பாவில் சர்க்கரை அதிகம், வேண்டாம். எடை பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கி அனுப்பு, வாராவாரம் செங்கோட்டை பஜாருக்குப் போய்ப் பார்க்கவேண்டியிருக்கிறது.

அன்புடன்,
அப்பா