பவரை விடுங்கள், ரெட்டிகிளைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொலராடோ மலைகளில் எல்க் (பெரிய மான் இனம்) வேட்டைக்கு ரைஃபிள் ஸ்கோப் தேர்ந்தெடுப்பது பற்றிச் சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. தமிழில் அபூர்வமாக எழுதப்படும் விஷயம், மகிழ்ச்சி. ஆனால் அதில் ஓர் எண் பிழையும் அதைவிடப் பெரிய ஒரு யோசனைப் பிழையும் இருக்கின்றன.

எண்ணை முதலில் முடித்துவிடுகிறேன். மில் என்பது ஸ்கோப்பில் குறியை அளக்கும் ஒரு கோண அலகு. '100 மீட்டரில் 1 மில் என்றால் 3.6 அங்குலம்' என்று அச்சாகியிருக்கிறது. அது 100 கெஜத்துக்கான கணக்கு. 100 மீட்டரில் 1 மில் என்பது 10 சென்டிமீட்டர், அதாவது 3.94 அங்குலம். சின்ன வித்தியாசம்தானே என்று விட முடியாது. ரேஞ்ச்ஃபைண்டர் (தொலைவு அளக்கும் கருவி) மீட்டரில் 500 என்று காட்ட, துப்பாக்கியில் ஒட்டிய, குண்டு தாழும் அளவு எழுதிய அட்டை கெஜக் கணக்கில் இருந்தால், நீங்கள் சுடுவது உண்மையில் 547 கெஜத்துக்கு. குண்டு ஏறத்தாழ 10 அங்குலம் தாழ்ந்து போகும்.

இனி யோசனைப் பிழை. தொலைவு கூடக்கூடப் பவர் (உருவைப் பெரிதாக்கும் மடங்கு) கூட வேண்டும், ஆகவே முதலில் பவரை முடிவு செய்துகொண்டு மற்றதைப் பிறகு பாருங்கள் என்கிறது கட்டுரை. கடைக்காரர்களுக்கு இது பிடித்த பேச்சு. பவர் ஏற ஏற விலையும் ஏறும். மலையில் நடப்பது வேறு. கொலராடோவில் சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்பிருந்து மறைந்து அரை மணி வரை சுட அனுமதி உண்டு. எல்க் வெட்டவெளிக்கு வருவதும் பெரும்பாலும் அந்த இரு விளிம்புகளில்தான். முன்லென்ஸின் விட்டத்தைப் பவரால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 44 மி.மீ. லென்ஸில் 15 பவர் வைத்தால் 2.9 மி.மீ., 6 பவரில் 7.3 மி.மீ. அந்தி நேரத்தில் கண்பாவை வயதைப் பொறுத்து 5 முதல் 7 மி.மீ. வரை விரிந்திருக்கும். 15 பவரில் படம் மங்கும், கை தானாகவே பவரைக் குறைக்கும். குறைத்த அந்த நொடியில் ரெட்டிகிள் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகள்) என்ன ஆகிறது என்பதுதான் ஸ்கோப் வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி. கட்டுரையில் அது இல்லவே இல்லை.

ரெட்டிகிள் ஸ்கோப்புக்குள் இரண்டு இடங்களில் அமையலாம். இரண்டாம் குவியத் தளத்தில் இருந்தால் பவரை மாற்றும்போது மான் பெரிதாகும், கோடுகள் அதே அளவில் நிற்கும். கோடுகளுக்கு இடையிலான அளவு ஒரே ஒரு பவரில்தான் சரி, பெரும்பாலும் உச்ச பவரில். முதல் குவியத் தளத்தில் இருந்தால் மானும் கோடும் சேர்ந்தே வளரும், சேர்ந்தே சுருங்கும். எந்தப் பவரிலும் 1 மில் 1 மில்தான்.

எண்ணில் வைத்துப் பார்ப்போம். 6.5 கிரீட்மூர் தோட்டா, 143 கிரெயின் எடையுள்ள குண்டு, குழல்வாயில் வேகம் நொடிக்கு 2,700 அடி, 200 கெஜத்தில் ஜீரோ (குறிவைத்த இடத்திலேயே குண்டு படும் தொலைவு). 300 கெஜத்தில் சுமார் 8 அங்குலம், 400-ல் 23, 500-ல் 45 அங்குலம் குண்டு தாழும். மில்லில் 0.7, 1.6, 2.5. இப்போது 3 முதல் 15 பவர் வரை மாற்றக்கூடிய ஸ்கோப், இரண்டாம் தளம், கோடுகள் 15 பவருக்கு அளவு செய்தவை. அந்தியில் 10 பவருக்கு இறக்கிவிட்டு, பழக்கத்தில் 2.5 கோட்டை எல்க்கின் தோள்மேல் வைக்கிறார் ஒருவர். 10 பவரில் ஒவ்வொரு மில் கோடும் 1.5 மில்லாக ஆகிவிட்டது. அவர் பிடித்திருப்பது 3.75 மில். கூடுதல் 1.25 மில், 500 கெஜத்தில் 22 அங்குலத்துக்கு மேல். குண்டு முதுகைத் தாண்டிப் போகும். அவரோ ஸ்கோப் ஜீரோ மாறிவிட்டது என்று மறுநாள் சுடுபயிற்சித் தளத்துக்குப் போய் 15 பவரில் சுட்டுப் பார்ப்பார். எல்லாம் சரியாக இருக்கும்!

அப்படியானால் முதல் தளமே தீர்வா? அங்கே நோய் வேறு. அந்த ரெட்டிகிள்களில் நடுக்கோடு 0.03 மில் தடிமன் இருந்தால், 3 பவரில் கண்ணுக்கு அது 0.09 மில்லாகத் தெரியும். நல்ல கண் பிரித்தறியும் எல்லை சுமார் 0.3 மில். பட்டப்பகலில் பனிமேல் கோடு தெரிந்துவிடும். மாலையில் கரிய ஸ்ப்ரூஸ் மரநிழலில் காணாமல் போகும். ஆகவே முதல் தளம் வாங்குகிறவர்கள் இரண்டைப் பார்க்க வேண்டும்: ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி வரும் தடித்த பட்டைகள் இருக்கின்றனவா, நடுப்புள்ளிக்கு மட்டும் மிகக் குறைந்த வெளிச்சம் வைக்க முடிகிறதா. ரெட்டிகிள் முழுவதும் சிவப்பாக எரிவது இருட்டில் கண்ணைக் கூசச்செய்யும், மானையும் மறைக்கும்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். 350 கெஜத்துக்குள் நிற்பவருக்கு இரண்டாம் தளத்தில் சாதாரண டூப்ளெக்ஸ் குறுக்குக்கோடு (ஓரத்தில் தடித்து நடுவில் மெலிந்தது, அளவுக் குறிகள் இல்லாதது), ஏற்றத்துக்கு டரட் (குறியை ஏற்றி இறக்கத் திருப்பும் குமிழ்). கோட்டை வைத்து அளப்பதே இல்லை என்பதால் பவர் எதில் இருந்தாலும் கவலையில்லை. 500 வரை போகிறவருக்கு மேலே சொன்ன மாதிரி முதல் தள மில் ரெட்டிகிள். இரண்டிலும் ஏற்றத்தை டரட்டில் திருப்புங்கள்; காற்றுக்கு டூப்ளெக்ஸில் குறியைக் கண்ணளவாகத் தள்ளிவையுங்கள், மில் ரெட்டிகிளில் கோட்டில் பிடியுங்கள். காற்று நொடிக்கு நொடி மாறும், அதைத் திருப்பிக்கொண்டிருக்க முடியாது. மேற்சொன்ன குண்டுக்கு மணிக்கு 10 மைல் குறுக்குக்காற்று 300 கெஜத்தில் 5 அங்குலம், 500-ல் 14, 15 அங்குலம் தள்ளும், அதாவது 0.8 மில். கிடைக்கோட்டில் அரை மில்லுக்கு ஒரு குறியாக இருபுறமும் 3 மில் வரை இருந்தால் போதும். கீழே கிறிஸ்துமஸ் மரம்போலப் புள்ளிகள் விரியும் ரெட்டிகிள் போட்டிச் சுடுதலுக்கு நல்லது. புதருக்குள் நிற்கும் மியூல் மானின் காலும் கொம்பும் அந்தப் புள்ளிகளோடு கலந்துவிடும்.

மில்லா எம்.ஓ.ஏ.வா (பாகையில் அறுபதில் ஒரு பங்கான கோண அலகு) என்ற பட்டிமன்றத்துக்குக் கட்டுரை ஒரு பக்கம் கொடுத்திருந்தது. அவ்வளவு தேவையில்லை. டரட்டைத் திருப்பும்போது ஒரு படி நகர்வதே கிளிக். 0.1 மில் கிளிக் 500 கெஜத்தில் 1.8 அங்குலம், கால் எம்.ஓ.ஏ. கிளிக் 1.3 அங்குலம்; இரண்டும் நம் கையைவிட நுட்பமானவை. ரெட்டிகிளும் டரட்டும் ஒரே அலகில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மில் ரெட்டிகிளும் எம்.ஓ.ஏ. டரட்டும் கலந்த பழைய ஸ்கோப்புகள் இன்னும் கைமாறி விற்பனைக்கு வருகின்றன. அதில் 1 மில் தவறிப் பட்டதைத் திருத்த 3.44 எம்.ஓ.ஏ., அதாவது 14 கிளிக் போல, என்று குளிரில் மனக்கணக்கு போட வேண்டியிருக்கும். மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். டரட்டில் ஜீரோ ஸ்டாப் (இறக்கும்போது ஜீரோவிலேயே நிறுத்தும் தடை) கட்டாயம் வேண்டும். முந்தைய சுற்றைத் திருப்பி இறக்க மறந்து, ஒரு முழுச் சுற்று மேலே நின்றபடி அடுத்த மானைச் சுடுவது அடிக்கடி நடக்கிற தவறு. காற்றுக்கான டரட்டுக்கு மூடி இருக்கட்டும். பைக்குள் உரசி நாலு கிளிக் நகர்ந்தால் யாருக்கும் தெரியாது.

பாரலாக்ஸ் (கண் நகரும்போது கோடு இலக்கின்மேல் நகர்வதுபோலத் தெரிவது) பற்றி ஒரு வரியும் இல்லாதது வியப்பு. 100 கெஜத்துக்கு நிலையாக அமைத்த 40 மி.மீ. ஸ்கோப்பில், கண் நடுவிலிருந்து முழுக்க விலகினால் 500 கெஜத்தில் 8 செ.மீ. வரை தவறு வரலாம். பாரலாக்ஸைத் திருத்தும் பக்கத்துக் குமிழ் இருந்தால், அதில் அச்சிட்ட எண்ணை நம்ப வேண்டாம். துப்பாக்கியைப் பைமேல் அசையாமல் வைத்துத் தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டுங்கள். கோடு இலக்கின்மேல் நீந்தாமல் நிற்கும் இடமே சரி. அதற்கும் முன்னால் கண்பக்க டயாப்டரை (கோடுகளை உங்கள் கண்ணுக்குத் தெளிவாக்கும் வளையம்) சரிசெய்ய வேண்டும். வெறும் வானத்தை நோக்கி, இரண்டு மூன்று நொடி மட்டும் பார்த்து, கண்ணை எடுத்து, திருப்பி, மறுபடி பாருங்கள். உற்றுப் பார்த்துக்கொண்டே திருப்பினால் கண் தானே சமாளித்துக்கொள்ளும். பிறகு படம் தெளிவாகும் இடமும் பாரலாக்ஸ் போகும் இடமும் ஒன்று சேரவே சேராது. நல்ல ஸ்கோப்புகள் இதனாலேயே கெட்ட பெயர் வாங்குகின்றன.

பொருத்துவதில் இரண்டு. ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையத் திருகுகளுக்கு டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் திருப்புளி) வைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு (பெரும்பாலும் 15 முதல் 18 அங்குல-பவுண்டு) மட்டும் முறுக்குங்கள். மேலே முறுக்கினால் குழாய் நசுங்கி, பவர் வளையம் இறுகி, கிளிக் அடித்தும் குறி நகராமல், அடுத்த குண்டின் அதிர்வில் துள்ளி நகரும். இரண்டாவது, சாய்வு. தூக்குநூல் கட்டித் தொங்கவிட்டுக் குத்துக்கோட்டை அதனோடு ஒட்டி நிறுத்துங்கள். கடிகாரத்தின் நிமிட முள் அரை நிமிடத்தில் நகரும் கோணம் 3 பாகை. ரெட்டிகிள் அவ்வளவு சாய்ந்திருந்தால், 500 கெஜத்துக்காக 45 அங்குலம் ஏற்றும்போது குறி 2.4 அங்குலம் பக்கவாட்டில் போகும். நீங்கள் காற்றைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

பிறகு அதே தூக்குநூலின் கீழ் 100 மீட்டரில் ஒரு நீளத் தாள். கீழ்ப்புள்ளியையே குறிவைத்து 10 மில் ஏற்றிச் சுடுங்கள். 1 மீட்டர் மேலே பட வேண்டும். 97 செ.மீ.யில் பட்டால் 3 சதவீதப் பிழை; 500 கெஜத்தில் அது ஒன்றரை அங்குலத்துக்கும் குறைவு, வேட்டைக்குப் பொறுக்கலாம். ஏற்றி இறக்கிப் பத்து முறைக்குப் பின் ஜீரோவுக்குத் திரும்பவில்லை என்றால் மட்டும் அந்த ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஸ்கோப்புக்குள்ளேயே ரேஞ்ச்ஃபைண்டர் இருப்பதைக் கட்டுரை சிபாரிசு செய்கிறது. அப்படிச் சுட்ட விலங்கை, வேட்டைச் சாதனைகளைப் பதியும் அமெரிக்காவின் பூன் அண்ட் கிராக்கெட் கிளப் தன் பதிவேட்டில் ஏற்காது. மாநில விதிகளும் வேறுபடும்; அந்தந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டே பணத்தைக் கட்டுங்கள். (1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் உள்ள இந்தியாவில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை என்பதைக் கட்டுரையிலேயே சொல்லியிருக்கலாம்.)

கடைக்குப் போவதை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லா ஸ்கோப்பும் பளிச்சென்றுதான் இருக்கும். கடைக்காரரிடம் சொல்லி, துப்பாக்கியில் மாட்டாத ஸ்கோப்பாக வெளியே எடுத்துவந்து, பொழுது சாய்ந்து கால் மணி கழித்து, குறைந்த பவரில் ஒரு மரத்தடி நிழலைப் பாருங்கள். வெளிச்சத்தை அணைத்த நிலையிலும் கோட்டின் நடு எங்கே என்று உடனே தெரிகிறதா? தெரியவில்லை என்றால் அடுத்த ஸ்கோப்பை எடுத்துவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொலராடோ.